ஒன்பது வருடமாக மார்க் போட்டுக் கேட்கிறேன்: ராக், ஃபோக், பங்க்

ஒன்பது வருடமாக எனக்கு ஒரு பழக்கம் உண்டு. 1960களிலும் 70களிலும் வந்த ராக், ஃபோக் (நாட்டுப்புறப் பாடல் மரபில் வந்தது), பங்க் (வேகமான, முரட்டுத்தனமான, சிக்கனமான ராக்) ஆல்பங்களில் ஒன்றை எடுத்து, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை நடுவில் எழாமல் கேட்பேன். முடிந்ததும் பத்துக்கு எவ்வளவு என்று நோட்டில் எழுதுவேன். பக்கத்தில் தேதி, ஹெட்ஃபோனில் கேட்டேனா ஸ்பீக்கரிலா என்பது, இரண்டு வரிக் குறிப்பு. இப்போது மூன்றாவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. இப்படித் தொடங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் அனுபவம் பயன்படலாம்.

முதல் தடவை கேட்டுப் போட்ட மார்க் பெரும்பாலும் நிற்காது. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஃபோக் பாடகர் நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' (1972) ஆல்பத்துக்கு நான் முதலில் போட்டது 5. "எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது" என்ற குறிப்பு இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. மொத்தமே 28 நிமிடம்தான். ஒரு குரல், ஒரு கிடார். தலைப்புப் பாட்டில் மட்டும் ஓரிடத்தில் கொஞ்சம் பியானோ வரும், அவ்வளவுதான். அன்றைக்கு அதற்கு முன்பு ஒரு பெரிய ராக் ஆல்பத்தைக் கேட்டு முடித்திருந்தேன். அந்தச் சத்தத்துக்குப் பழகிய காதோடு இதைக் கேட்டால் ஒன்றுமே இல்லாதது போலத்தான் இருக்கும்.

இரண்டு வருடம் கழித்து, தூக்கம் வராத ஒரு ராத்திரியில், சத்தத்தைக் குறைத்து வைத்து மறுபடி கேட்டேன். இடது கை கம்பியில் நகரும்போது எழும் மெல்லிய கீச்சொலி கேட்டது. அப்புறம், பாட்டுக்குப் பாட்டு கிடாரின் சுருதி அமைப்பையே அவர் மாற்றியிருக்கிறார் என்பதும் பிடிபட்டது. முன்பு ஒரே மாதிரி தோன்றிய பாட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனி அறை போலத் திறந்தன. 1971 அக்டோபரில், இரண்டே ராத்திரிகளில், ஒலிப்பதிவாளர் ஜான் வுட் மட்டும் கூட இருக்க, லண்டனில் பதிவான ஆல்பம் இது. அந்த ராத்திரித்தன்மை முழுக்க அதில் இருக்கிறது. அன்று 8 போட்டேன். போன வருடம் 9½.

இதற்குப் பிறகு எல்லா ஆல்பத்தையும் ஒரு வருட இடைவெளியில் மறுபடி கேட்டு மறுபடி மார்க் போடத் தொடங்கினேன். பழைய மார்க்கை அடிப்பதில்லை, பக்கத்திலேயே புதியதை எழுதுவேன். நாலைந்து வருடம் இப்படிப் போனதும் நோட்டைப் புரட்டினால் ஒரு போக்கு தெரிந்தது. என் காதைப் பொறுத்தவரை ஃபோக் ஆல்பங்களின் மார்க் கேட்கக் கேட்க ஏறுகிறது. கிளாசிக் ராக் உச்சத்தில் தொடங்கி மெல்ல இறங்கி ஓர் இடத்தில் நிற்கிறது. பங்க் போட்ட இடத்திலேயே இருக்கிறது.

பங்க் ஏன் அசையவில்லை என்பது எளிது. ரமோன்ஸின் முதல் ஆல்பம் (1976) 14 பாட்டு, அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒளித்து வைத்தது எதுவும் இல்லை. வயர் என்ற குழுவின் 'பிங்க் ஃபிளாக்' (1977) இன்னும் மேலே போய், சுமார் 35 நிமிடத்தில் 21 பாட்டு. சொல்ல வந்ததைச் சொன்னதும் பாட்டு நின்றுவிடும், சில பாட்டுகள் ஒரு நிமிடம்கூட வராது. இரண்டுக்கும் முதல் நாள் 8, இன்றும் 8. அது குறையாகத் தோன்றவில்லை. முதல் தடவையே முழுதாகக் கையில் கொடுத்துவிடும் நேர்மை அது.

விதிவிலக்கு, கிளாஷ் என்ற பங்க் குழுவின் 'லண்டன் காலிங்'. 1979 டிசம்பரில் இரட்டை இசைத்தட்டாக வந்தது, 19 பாட்டு. முதலில் 7 போட்டேன், பங்க் என்று நினைத்து உட்கார்ந்தவனுக்கு ஜமைக்காவின் ரெகே வந்தது, 1950களின் துள்ளலான ராக்கபில்லி வந்தது, ஜாஸ் சாயல் வந்தது, குழம்பிப் போனேன். மூன்றாவது தடவைதான் அந்தத் தாவல்களே ஆல்பத்தின் உயிர் என்று புரிந்தது. கடைசிப் பாட்டின் பெயர் முதல் பதிப்பின் உறையில் இல்லை, உறை தயாரான பிறகு சேர்த்த பாட்டு அது. தெரியாமல் கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன். இப்போது அதற்கு 10. என் நோட்டில் பத்துக்குப் பத்து வாங்கிய ஆல்பங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

ராக் இறங்குவதற்குக் காரணம், அது தன் சிறந்த முகத்தை முதலிலேயே காட்டிவிடுவது என்று நினைக்கிறேன். லெட் செப்பெலினின் நான்காவது ஆல்பம் (1971, உறையில் பெயரே கிடையாது) என்னிடம் 10-இல் தொடங்கி 8½-க்கு வந்தது. அதற்குக் கீழே போகாமல் பிடித்து நிறுத்துவது கடைசிப் பாட்டின் டிரம்ஸ். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் ஜான் பானமின் டிரம்ஸை வைத்து, மைக்கை மாடிப்படியின் மேலே தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அதனால் அடியோடு சேர்ந்து அந்தக் கூடத்தின் காற்றும் அதிர்வதைக் கேட்கலாம். சின்ன ஸ்பீக்கரில் இது வெறும் தொம் தொம். நல்ல ஹெட்ஃபோனில் நீங்கள் அந்தப் படிக்கட்டில் நிற்பீர்கள். எதில் கேட்டேன் என்று குறித்து வைப்பது இதற்காகத்தான்.

அதே ஆல்பத்தில் ஒரு பாட்டில் குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்டோடு ஒரு பெண் குரல் வரும். அவர் சாண்டி டென்னி. யார் இவர் என்று தேடிப்போய்த்தான் ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் 'லீஜ் அண்ட் லீஃப்' (1969) எனக்குக் கிடைத்தது. அந்த வருடம் மே மாதம் அந்தக் குழுவின் வேன் விபத்தில் சிக்கி, 19 வயது டிரம்ஸ் கலைஞர் மார்ட்டின் லாம்பிள் இறந்துபோனார். கலைந்துவிடலாமா என்ற நிலையிலிருந்து மீண்டு, ஒரு கிராமத்து வீட்டில் கூடி, இங்கிலாந்தின் பழைய கதைப்பாடல்களை மின்சாரக் கிடாரோடும் வயலினோடும் எடுத்துப் பாடிய ஆல்பம் இது. முதலில் நான் போட்ட 6 கவனக்குறைவின் மார்க். வரிகளைப் படித்துக்கொண்டே கேட்காமல், பின்னணியில் ஓடவிட்டுக் கேட்டிருந்தேன். கதைப்பாடலில் அடுத்து என்ன நடக்கிறது என்பது தெரியாவிட்டால் பாதி போய்விடும். ஒரு பாட்டில் கொலையோடு கதை முடிந்ததும், குரல் நின்று, வயலினும் கிடாரும் வெறிகொண்டது போலத் தொடர்ந்து ஓடும். கதை தெரிந்த பிறகு அந்த ஓட்டத்தைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போது 9. ஃபோக் கேட்பவர்கள் வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

மார்க் போடும் முறை பற்றி. முதல் சில மாதம் பாட்டெழுத்து, வாசிப்பு, ஒலித்தரம் என்று தனித்தனிக் கட்டம் போட்டுக் கூட்டிப் பார்த்தேன். வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவும் பாடகி நிகோவும் சேர்ந்து செய்த 1967 ஆல்பத்துக்குக் கூட்டுத்தொகை 6½ வந்தது. மனசு 9 என்றது. கட்டங்களை அன்றே விட்டேன். அந்த ஆல்பத்தின் கரகரப்பைக் குறையாகக் கழித்துவிட்டால் மிஞ்சுவது வேறு ஆல்பம். இப்போது ஒரே கேள்விதான்: அடுத்த மாதம் இதை மறுபடி கேட்க ஆசைப்படுவேனா? மூன்று வகைக்கும் பொதுவாக நிற்கிற அளவுகோல் எனக்கு இதுதான் கிடைத்தது. டெலிவிஷன் என்ற குழுவின் 'மார்க்யீ மூன்' (1977) போன்றவற்றுக்கும் இது ஒத்துவருகிறது. நியூயார்க் பங்க் கூட்டத்தோடு வளர்ந்த குழு, ஆனால் தலைப்புப் பாட்டு பத்து நிமிடம், இரண்டு கிடார்கள் ஆற அமர ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டிருக்கும். எந்த வகை என்று சண்டை போடாமல் 9½ போட்டுவிட்டேன்.

கருவி செய்த கோளாறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) ஒரு பாட்டு இன்னொன்றுக்குள் கரைந்து போகும்படி செய்யப்பட்டது. நான் முதலில் பயன்படுத்திய பிளேயர் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அரை விநாடி மௌனத்தைச் செருகியது. எம்பி3 கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சேர்ந்துவிடும் வெற்றிடத்தை அது நீக்கவில்லை. "துண்டு துண்டாக இருக்கிறது" என்று எழுதி 6 போட்டேன். இடைவெளியில்லாமல் ஒலிக்கும் பிளேயருக்கு மாறிக் கேட்ட அன்று அந்தப் பக்கத்தைப் பார்க்கவே வருத்தமாக இருந்தது. மார்க் போடும் முன் உங்கள் பிளேயரில் இதைச் சோதித்துவிடுங்கள். பாட்டு வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள், பாட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று மங்கவிடும் கிராஸ்ஃபேடையும்தான்.

கூடவே, ஆல்பம் எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மறுபதிப்புகளில் கடைசியில் கூடுதல் பாட்டுகளை ஒட்டியிருப்பார்கள். 'டார்க் சைட்' இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பில் அடங்குகிறது. அதன் பிறகு எதுவும் வரக் கூடாது. இசைத்தட்டுக் காலத்து ஆல்பங்களில் பக்கம் திருப்பும் இடத்தில் நான் ஒரு நிமிடம் நிறுத்திவைப்பேன். பாப் டிலனின் 'பிரிங்கிங் இட் ஆல் பேக் ஹோம்' (1965) ஒரு பக்கம் மின்சாரக் குழுவோடு, மறுபக்கம் பெரும்பாலும் தனிக் கிடாரோடு. நிறுத்தாமல் கேட்டால் நடுவில் சக்தி போனது போல இருக்கும். நிறுத்திக் கேட்டால் இரண்டாம் பக்கம் கதவைச் சாத்திவிட்டு நம்மிடம் மட்டும் பேசுவது போல இருக்கும்.

ரீமாஸ்டர் (பழைய பதிவின் ஒலியைத் திருத்தி வெளியிடும் புதிய பதிப்பு) விஷயம் சுருக்கமாக: சத்தம் கூடிய பதிப்பு முதல் நிமிடத்தில் நன்றாகத் தோன்றும், இருபதாவது நிமிடத்தில் காது அலுத்துவிடும். இரண்டு பதிப்பை ஒப்பிடுகிறீர்கள் என்றால் முதலில் ஒலி அளவைச் சமப்படுத்துங்கள்.

இந்தப் பழக்கத்தில் ஒரு கெடுதலும் உண்டு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே "இது எட்டா, ஒன்பதா" என்று மனசு கணக்குப் போடத் தொடங்கிவிடும். வான் மோரிசனின் 'ஆஸ்ட்ரல் வீக்ஸ்' (1968) எனக்கு அப்படித்தான் ஒரு தடவை முழுசாக வீணானது. ரிச்சர்ட் டேவிஸ் வாசிக்கும் பேஸ் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் கம்பிக் கருவி) எங்கே போகிறது என்று பின்தொடர வேண்டிய இடத்தில் நான் அரை மார்க்கை எடைபோட்டுக்கொண்டிருந்தேன். அதிலிருந்து, ஆல்பம் முடிந்து பத்து நிமிடம் கழியும் வரை நோட்டைத் தொடுவதில்லை. பெரும்பாலான நாட்களில் இது வேலை செய்கிறது.

ஒரே ஓர் ஆல்பத்துக்கு மட்டும் மார்க் இல்லை. ஜோனி மிட்செலின் 'ப்ளூ' (1971). டல்சிமர் என்ற கம்பிக் கருவியின் அந்த முதல் மீட்டல் தொடங்கும்போது ஒரு நாள் அது கிளம்பிப் போகிறவரின் உற்சாகமாகக் கேட்டது, இன்னொரு நாள் விட்டுப் போகிறவரின் தவிப்பாக. எந்த நாள் கேட்டதை எழுதுவது? அந்தப் பக்கத்தில் தேதி வரிசையில் ஏழு தேதிகள் இருக்கின்றன, மார்க் கட்டம் காலியாக இருக்கிறது.