சனிக்கிழமை எங்கே இருப்பீர்கள்? தஞ்சோங் மாலிம் மாணவர் கழகங்கள்: ஓர் ஒப்பீடு

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் தஞ்சோங் மாலிமுக்குப் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் கேட்பது இதுதான்: "அண்ணா, எந்தக் கழகத்துல சேர்ந்தா நல்லது?" கூடவே பெற்றோரின் கேள்வியும் வரும்: "படிப்பு கெட்டுப்போகாதா?" இரண்டாவதற்குப் பதில் எளிது. வாரத்தில் ஒரு நாள் கழகத்துக்குப் போவதால் படிப்பு கெடாது. விடுதி அறையில் தனியாகக் கிடந்து, யாரோடும் ஒட்டாமல், இரண்டாம் பருவத்தில் பாதியிலேயே வீட்டுக்குப் போய்விட நினைத்த பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதல் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதில் ஊரைப் பொறுத்தது. ஒரு பக்கம் பெர்ணம் ஆறு. பாலத்தைத் தாண்டினால் சிலாங்கூர். சுற்றிலும் செம்பனை, அங்கங்கே மிச்சமிருக்கும் ரப்பர். 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997-இல் பல்கலைக்கழகமான சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம்தான் ஊரின் உயிர்நாடி. கொமுட்டர் ரயில் இங்கேதான் முடிகிறது. வெள்ளிக்கிழமை மாலை ஆனால் கோலாலம்பூர், கிள்ளான், ரவாங் பக்கத்துப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போய்விடுவார்கள். ஜொகூர், கெடா பிள்ளைகளுக்கு அது முடியாது. சனிக்கிழமை காலையில் விடுதியில் பாதி அறைகள் பூட்டிக் கிடக்கும். வீட்டு ஏக்கம் பிடித்துக்கொள்ளும் நேரம் அதுதான். அதனால் ஒரு கழகத்தை அளக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: சனிக்கிழமை அது உங்களைக் கூப்பிடுமா? நீங்கள் வராவிட்டால் யாராவது தேடுவார்களா?

பெரும்பாலான பிள்ளைகளின் முன்னால் மூன்று வழிகள் இருக்கும். இந்திய மாணவர் பண்பாட்டுக் கழகம், மலையேற்றக் குழு, பக்கத்துத் தோட்டப் பள்ளிகளுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் டியூஷன் குழு. பெயர் இடத்துக்கு இடம் மாறும்; வகை மாறாது. ஃபுட்சால், சதுரங்கம் போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்கள் அவற்றில் தாமாகவே போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

பண்பாட்டுக் கழகத்தில்தான் கூட்டம் அதிகம். பொங்கல், தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு, கலை இரவு, பட்டிமன்றம் என்று ஆண்டு முழுக்க வேலை இருக்கும். முதல் வாரத்திலேயே சீனியர் அக்காமார் வந்து வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுவார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளி வழியாக வந்து, பல்கலைக்கழகத்தில் மறுபடியும் தமிழில் வாய்விட்டுப் பேச ஓர் இடம் கிடைக்கும்போது பிள்ளைகளின் முகமே மாறிவிடும். அதை நான் குறைத்து மதிப்பிடவே மாட்டேன்.

ஆனால் அங்கே நட்பு எங்கே உண்டாகிறது என்று கவனித்துப் பாருங்கள். நிகழ்ச்சி பார்க்க வரும் முந்நூறு பேரில் அது உண்டாவதில்லை. கெர்த்தாஸ் கெர்ஜா என்னும் நிகழ்ச்சித் திட்ட அறிக்கை எழுதி, மாணவர் விவகாரப் பிரிவில் கையொப்பத்துக்காக நான்கு முறை ஏறி இறங்கி, ஊர்க் கடைகளில் நிகழ்ச்சி மலர்ப் புத்தகத்துக்கு விளம்பரம் கேட்டு நடந்து, நிகழ்ச்சிக்கு முந்தைய இரவு தோரணம் கட்டிக்கொண்டிருக்கும் பத்துப் பதினைந்து பேரில்தான் உண்டாகிறது. எனவே செயற்குழுவில் இடம் இல்லாமல் வெறும் உறுப்பினராக மட்டும் இருந்தால், மூன்று ஆண்டுகளில் நிறைய முகங்கள் பழகும். மனம்விட்டுப் பேச ஒருவர்கூடக் கிடைக்காமல் போகலாம். இன்னொன்று, கழகத்தின் வேலை அலை அலையாக வரும். நிகழ்ச்சிக்கு முந்தைய மூன்று வாரம் தூக்கமே இருக்காது. முடிந்த மறுநாள் எல்லோரும் அவரவர் வழியில் போய்விடுவார்கள். தலைவர் தேர்தல் வரும்போது பேராக் பிள்ளைகள், ஜொகூர் பிள்ளைகள், கெடா பிள்ளைகள் என்று அணி பிரிவதும் உண்டு. அந்தக் காயம் சிலருக்குப் பட்டமளிப்பு வரைக்கும் ஆறாது.

இந்தக் கழகத்துக்குள்ளேயே ஒரு சிறிய மூலை இருக்கிறது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எழுத்தும் வாசிப்பும். நம் நாட்டில் மாணவர் கூட்டமைப்பு என்பது பல்கலைக்கழகத்தில் பிறந்த ஒன்று இல்லை. 1950-களில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு நாளிதழ் மாணவர் மணிமன்றம் என்று பக்கம் ஒதுக்கியபோது, தோட்டத்து லயங்களில் இருந்த பிள்ளைகள் அதில் எழுதினார்கள். நேரில் பார்த்திராதவர்கள் எழுத்தின் வழியாக நண்பர்களானார்கள். அந்தப் பக்கத்தையொட்டி உருவான மன்றங்களில் வளர்ந்தவர்கள் பிறகு இளைஞர் இயக்கங்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் முன்னின்றார்கள். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்தி வந்த சிறுகதைப் போட்டியும் அதே வேலையைத்தான் செய்தது. அதில் மாணவராக எழுதத் தொடங்கிப் பிறகு எழுத்தாளராக நிலைத்தவர்கள் உண்டு. உங்கள் கழகத்தில் வாசிப்பு வட்டமோ சுவரிதழோ இருந்தால், பேசிக் கூடுவது ஆறு பேராக இருந்தாலும், கலை இரவை விட்டுவிட்டு அதில் போய் உட்காருங்கள். இல்லாவிட்டால் ஆறு பேரைச் சேர்த்து நீங்களே தொடங்குங்கள்.

மலையேற்றக் குழுவுக்கு வருகிறேன். தமிழ்ப் பெற்றோர் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. 2022 டிசம்பர் 16 அதிகாலை, ரயிலில் இங்கிருந்து மூன்று நிலையம் தள்ளியிருக்கும் பத்தாங் காலி பக்கத்தில், ஒரு முகாம் திடலில் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். அதை இந்தப் பகுதி மறக்கவில்லை. ஆகவே வனத்துறை அனுமதி வாங்காத, வழிகாட்டி இல்லாத, மழைக்காலத்தில் ஆற்றோரம் கூடாரம் போடும் குழுவில் சேராதீர்கள். மலைமேல் மழை பெய்தால், நம் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு திடீரென்று பெருகி வரும். கெப்பாலா ஆயர் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அதைப் பற்றி முதல் கூட்டத்திலேயே பேசும் குழுதான் நல்ல குழு.

அப்படிப்பட்ட குழு கிடைத்தால், அது தருவதை மற்ற இரண்டும் தர முடியாது. பிற இனத்து நண்பர்கள் உங்களுக்கு உண்மையாகவே கிடைக்கும் இடம் இது. வகுப்பில் மலாய், சீன, இந்திய மாணவர்கள் ஒரே அறையில் இருப்பார்கள். மணி அடித்ததும் சாப்பாட்டு மேசை மூன்றாகப் பிரிந்துவிடும். மலையில் அப்படிப் பிரிய முடியாது. கோலகுபு பாருவுக்கு அந்தப் பக்கம் புக்கிட் கூத்து ஏறும்போது, காலில் அட்டை கடிக்க, ஒருவர் தண்ணீர் இன்னொருவர் வாய்க்குப் போகும். ஆயிரம் மீட்டரைக் கொஞ்சம் தாண்டும் அந்த மலை உச்சியில் வெள்ளைக்காரன் காலத்து பங்களாவின் புகைபோக்கி மட்டும் இன்னும் நிற்கிறது. அதனடியில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் நம் பிள்ளை புரட்டாசி சனிக்கு ஏன் சைவம் என்று ஒரு மலாய்த் தோழிக்கு விளக்கும். அவளும் தொழுகை நேரத்துக்கு எங்கே நிற்பது என்று முன்கூட்டியே திட்டமிடக் கற்றுக்கொடுப்பாள். நோன்பு மாதத்தில் ஏற்றம் நிற்கும், நவம்பர் மழையில் நிற்கும். எல்லோருடைய நாட்காட்டியும் சேர்ந்து ஒரே நாட்காட்டியாகிவிடும். கூச்சத்தால் மலாயில் பேசத் தயங்கி, நேர்முகத் தேர்வில் திணறும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

குறை என்ன? மாதத்துக்கு ஒரு முறைதான் ஏறுவார்கள். காலணி, பை, பயணச் செலவு என்று பணமும் போகும். பிடிபிடிஎன் என்னும் அரசு உயர்கல்விக் கடனில் ஓடும் பிள்ளைக்கு அது சுமைதான். நடுவில் உள்ள மூன்று வார இறுதிகளுக்கும் அந்தக் குழுவிடம் பதில் இல்லை.

சரி, டியூஷன் குழு. என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதற்குள் தெரிந்திருக்கும்; மறைக்கவும் விரும்பவில்லை.

பேராங், காலும்பாங், சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டங்களில் இப்போது நம் குடும்பங்கள் குறைவு. தோட்டங்கள் துண்டானது, வீடமைப்புக்குப் போனது, வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தது என்று காரணங்கள் பல. 150-க்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளியைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் ஏராளமானவை அந்த வகைதான். ஆறாம் ஆண்டில் எழுதும் யுபிஎஸ்ஆர் பொதுத்தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்ட பிறகு, பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று தோட்டத்துப் பெற்றோருக்குச் சட்டென்று தெரிவதில்லை. ஆறாம் ஆண்டு முடித்துப் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போய், முழுக்க மலாயில் நடக்கும் பாடத்தின் நடுவே விழித்துக்கொண்டு நிற்கும்போதுதான் தெரிகிறது. அந்த இடைவெளியில்தான் இந்தக் குழுக்களின் வேலை. மலாய்க் கட்டுரை, வாய்ப்பாடு, உரக்க வாசிப்பு. இதற்கு நம்மிடையே நல்ல முன்னோடியும் உண்டு. 1982-இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், பல்கலைக்கழக மாணவர்களையே ஆசிரியர்களாக நிறுத்தி ஒரு தலைமுறையைத் தூக்கிவிட்டது.

இப்போது அளவுகோலை வைத்துப் பாருங்கள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் வராவிட்டால் அந்த மேசையில் ஆசிரியர் இல்லை. தோட்டத்துக்குப் பேருந்து கிடையாது. ஒரு பழைய கஞ்சில் காரிலும் இரண்டு மோட்டார் சைக்கிளிலும்தான் போக வேண்டும். ஆகவே யார் யாரோடு போவது என்று வெள்ளிக்கிழமை இரவே பேசியாக வேண்டும். பாடம் தயாரிக்க ஒரு மேசையில் உட்கார்ந்தாக வேண்டும். காவல் சாவடியில் பெயர் எழுதி, செம்மண் பாதையில் சேற்றைத் தாண்டிப் போய், பாட்டி ஒருத்தி "பசியாறியாச்சா?" என்று கேட்டுக் கொடுக்கும் காப்பியைக் குடித்து, திரும்பும் வழியில் மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டு வரும்போது, அந்தக் காருக்குள் பேசப்படாத விஷயம் எதுவும் மிச்சம் இருக்காது. வாரம் தவறாமல், ஐந்தாறு பேராக, தன்னைவிடச் சின்னவர்களுக்காக ஒரு வேலை. நட்பு கெட்டிப்படுவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

சண்டையும் வரும். அடிக்கடி வராமல் போகிறவர் மேல் கோபம் வரும். ஆனால் அது மாநிலச் சண்டை போல இருக்காது. கணிதம் எடுக்க ஆள் இல்லையே என்ற கவலையில் வரும் கோபம், அடுத்த சனிக்கிழமை அவர் வந்ததும் தீர்ந்துவிடும்.

சேருமுன் ஒன்றைக் கவனியுங்கள். வந்து, படம் எடுத்து, பென்சில் பெட்டி கொடுத்துவிட்டு, ஒரே நாளில் மறைந்துபோகும் குழுக்களும் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது வலிக்கும். "அடுத்த வாரம் வருவீங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டு அவர்கள் காத்திருப்பார்கள். ஒரு பருவம் முழுக்கப் போக முடியாதென்றால் இந்தக் குழுவில் சேராதீர்கள். பண்பாட்டுக் கழகத்தில் நீங்கள் இல்லாமல் ஒரு நிகழ்ச்சி நடந்துவிடும்; இங்கே ஒரு பிள்ளையின் வாசிப்பு நின்றுவிடும்.

படிப்பு முடிந்த பிறகு எது மிஞ்சுகிறது என்பதிலும் மூன்றும் வேறுபடுகின்றன. இங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்களாகப் போகிறவர்கள். தமிழ் ஆசிரியர் ஆகிறவருக்குப் பண்பாட்டுக் கழகத் தொடர்பு வாழ்நாள் முழுக்க உதவும். தமிழ்ப்பள்ளிகள் தீபகற்பத்தில் மட்டுமே இருப்பதால், பயிற்சிப் பட்டறையிலும் போட்டிகளிலும் அதே முகங்கள் திரும்பத் திரும்ப வரும். அறிவியலோ உடற்கல்வியோ எடுத்தவருக்குக் கடல் தாண்டி போர்னியோவில் இருக்கும் சபா மாநிலத்தில் வேலை கிடைக்கலாம். அங்கே கைகொடுப்பது மலையேற்றக் குழுவில் கிடைத்த, அந்த மண்ணின் பூர்வகுடியான கடஸான் இனத் தோழனாக இருப்பான். 4,095 மீட்டர் கினபாலு மலைக்குக் கூட்டிப்போவதும் அவனே. டியூஷன் குழுவில் இருந்தவருக்குப் பயிற்சி ஆசிரியராக முதல் நாள் வகுப்பில் நிற்கும்போது கை நடுங்காது. அதோடு, கல்யாணத்துக்கு முந்தைய நாளே வந்து காய் நறுக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கார்க் கூட்டம்தான். நான் போன கல்யாண வீடுகளில் பார்த்ததைச் சொல்கிறேன்.

உறுமி மேளம் எங்கே என்று கேட்பீர்கள். நல்ல குழு கிடைத்தால் அதுவும் வாராவாரம் கூடுவதுதான். தாளம் தப்பினால் உடனே தெரியும் என்பதால் யாரும் ஒப்புக்கு நிற்க முடியாது. ஆனால் தைப்பூசக் காலத்தில் இரவெல்லாம் வெளியூர் போகும் குழுவா, வளாகத்துக்குள் பயிலும் குழுவா என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

ஆக, யாருக்கு எது? கொமுட்டரில் வாராவாரம் வீட்டுக்குப் போய்விடும் கிள்ளான் பிள்ளைக்குப் பண்பாட்டுக் கழகச் செயற்குழு பொருந்தும். அதன் வேலை பெரும்பாலும் வார நாட்களின் மாலையில் நடக்கிறது. தமிழ் நண்பர்கள் ஏற்கெனவே நிறைய இருந்து, மற்றவர்களோடு பேசத் தயங்குகிறவர் கூச்சத்தைப் பார்க்காமல் மலைக்குப் போகட்டும். வீடு தூரத்தில், கையில் காசு குறைவு, சனிக்கிழமை அறையில் தனிமை என்றால் டியூஷன் குழு. வேறு யோசனையே வேண்டாம்.

இரண்டில் சேரலாமா என்றால், டியூஷனும் மலையும் சேர்த்துச் செய்யலாம். பல மலையேற்றக் குழுக்கள் ஞாயிற்றுக்கிழமைதான் போகின்றன. டியூஷனும் பண்பாட்டுக் கழகச் செயற்குழுவும் சேர்ந்தால், நிகழ்ச்சி நெருங்கும் மூன்று வாரங்களில் தோட்டத்துப் பிள்ளைகள்தான் விடுபடுவார்கள். அந்த மூன்று வாரமும் உங்கள் மேசையில் யார் உட்காருவார்கள் என்று முதலில் ஓர் ஆளைப் பேசி வைத்துக்கொண்டு, அப்புறம் செயற்குழுவுக்குப் பெயர் கொடுங்கள்.