கைமாறிக் கைமாறி வளர்ந்த விளையாட்டு: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, இருபது ஆண்டு அனுபவம்

2022 ஏப்ரல் கடைசியில் ஓர் இரவு, ஒரு நாகரிகத்தை எடுத்து ஊரையும் படையையும் வளர்த்து எதிரியை வெல்லும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினி விளையாட்டில், ‘திராவிடர்’ என்ற புதிய நாகரிகத்தைத் தேர்ந்தெடுத்து ஆட்டத்தைத் தொடங்கினேன். டவுன் சென்டர் என்ற ஊர் மையக் கட்டடத்தின் அருகே நின்ற கிராமவாசியின் மீது மவுஸைத் தட்டியதும் அவர் தமிழில் பதில் சொன்னார். அடுத்த அறையிலிருந்த தம்பியைக் கூப்பிட்டேன். “இன்னொரு முறை தட்டு அண்ணா” என்றான். வெகுநேரம் தட்டிக்கொண்டே இருந்தோம். பள்ளி நாட்களில் ஒரே கணினி முன்னால் முறை வைத்து நாங்கள் ஆடிய அதே விளையாட்டு. அன்று அதில் இந்தியர்களே கிடையாது.

அந்தத் தமிழ்க் குரலைச் சேர்த்தவர்கள், 1999-இல் இந்த விளையாட்டைப் படைத்தவர்கள் அல்லர். டெக்ஸாஸ் மாநிலம் டல்லாஸைச் சேர்ந்த என்செம்பிள் ஸ்டுடியோஸ் 13 நாகரிகங்களோடு இதை வெளியிட்டது. அடுத்த ஆண்டு ‘தி கான்கரர்ஸ்’ என்ற விரிவாக்கம், அதாவது மூல ஆட்டத்தோடு சேர்க்கும் கூடுதல் பகுதி, அதை 18 ஆக்கியது. 2001-இல் மைக்ரோசாஃப்ட் அந்த ஸ்டுடியோவை வாங்கியது. 2009 தொடக்கத்தில் மூடிவிட்டது.

படைத்த ஸ்டுடியோ போனால் விளையாட்டும் அதோடு அடங்கிவிடுவதுதான் வழக்கம். இங்கே ரசிகர்கள் விடவில்லை. அகலத்திரைகளில் ஓடும்படி ‘யூசர்பேட்ச்’ என்ற திருத்த மென்பொருளைச் செய்தார்கள், ‘வூப்லி’ தளத்தில் போட்டி ஆட்டங்களைத் தொடர்ந்தார்கள். இன்னொரு குழு ‘ஃபர்காட்டன் எம்பயர்ஸ்’ என்ற பெயரில் புதிய நாகரிகங்களையே உருவாக்கியது. 2013 ஏப்ரலில் ஹிடன் பாத் என்ற ஸ்டுடியோ ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில், படத்தெளிவு கூட்டிய எச்டி பதிப்பைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்த ரசிகர் குழுவின் வேலை ‘தி ஃபர்காட்டன்’ என்ற அதிகாரபூர்வ விரிவாக்கமாகவே வெளிவந்தது. இந்தத் தொடரின் வரலாற்றில் இதைவிட முக்கியமான முடிவு வேறில்லை என்பது என் எண்ணம். ஆட்டத்தை நரம்பு நரம்பாக அறிந்தவர்களிடம் சாவி கொடுக்கப்பட்டது. அந்தக் குழு பிறகு முழு ஸ்டுடியோவாக வளர்ந்தது. அதன் ஆட்கள் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அல்லர், பல நாடுகளில் இருந்தபடி வேலை செய்பவர்கள்.

2019 நவம்பரில் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற புதுப்பித்த பதிப்பில் மூன்று ஸ்டுடியோக்களின் உழைப்பு இருக்கிறது: ஃபர்காட்டன் எம்பயர்ஸ், ஆஸ்திரேலியாவின் மெல்பர்னைச் சேர்ந்த டான்டலஸ், அதே நகரத்தின் விக்கட் விட்ச். தொடர் முழுவதையும் வழிநடத்த மைக்ரோசாஃப்ட் ‘வேர்ல்ட்ஸ் எட்ஜ்’ என்ற தனி ஸ்டுடியோவை அமைத்தது. பல சமையற்காரர்கள் கூடினால் குழம்பு என்னாகுமோ என்று பயந்துதான் நான் அதைக் கணினியில் நிறுவினேன். முதல் ஆட்டத்திலேயே பயம் தீர்ந்தது. உணவுக்காக ஆடுகளைத் தேடிக் குதிரைவீரனை அனுப்புவது, வீடு கட்டுவது, பன்றியை டவுன் சென்டர் பக்கம் இழுத்து வருவது என்று பள்ளி நாட்களில் கைக்குப் பழகிய எல்லாமே அப்படியே வேலை செய்தன. ஈட்டிக்காரன் குதிரைப்படையை வீழ்த்துவான் என்ற அடிப்படைக் கணக்கும் மாறவில்லை. 4கே படங்கள் புதியவை. வயல் வறண்டால் தானாகவே மறுவிதைப்பு நடக்கும். மக்கள்தொகையை 500 வரை உயர்த்தலாம். அடித்தளம் மட்டும் பழையது. அதைத் தொடாமல் விட்ட அடக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்தப் பழைய அடித்தளத்துக்கு விலையும் உண்டு. கூட்டமாகப் போகும் படை வழி தடுமாறுவது பற்றி உலகெங்கும் ஆட்டக்காரர்கள் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார்கள். ஓர் அப்டேட்டில் சீராகும், இன்னொன்றில் மறுபடி தலைகாட்டும்.

புதுமை வேண்டியவர்களுக்கு வேறொரு வாசல் திறந்தார்கள். நான்காம் பாகம் கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த ரெலிக் ஸ்டுடியோவிடம் போனது. 2021 அக்டோபரில் எட்டு நாகரிகங்களோடு வந்தது. ஒவ்வொன்றும் வேறு வேறு விதமாக ஆடும். டெல்லி சுல்தான்களுக்கு ஆராய்ச்சிகள் இலவசம், ஆனால் நேரம் பிடிக்கும். நல்ல விளையாட்டு, நூறு மணி நேரத்துக்கு மேல் ஆடியிருக்கிறேன். இந்த மாற்றங்களை இரண்டாம் பாகத்தின் தலையில் கட்டாமல், புதிய ஸ்டுடியோவுக்குப் புதிய களம் கொடுத்தார்களே, அது சரியான பங்கீடு.

மறுபடி திராவிடருக்கு வருகிறேன். 2013 விரிவாக்கத்தில் ‘இந்தியர்’ என்று ஒரே நாகரிகம்தான் இருந்தது. அவர்கள் இந்தி பேசினார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ விரிவாக்கம் அதைப் பிரித்து இந்துஸ்தானியர், வங்காளியர், திராவிடர், கூர்ஜரர் என்று நான்காக்கியது. அன்று அப்படி வைத்த ஃபர்காட்டன் எம்பயர்ஸே திரும்பி வந்து திருத்தியிருக்கிறது. ஸ்டுடியோக்கள் எத்தனை மாறினாலும், நெடுங்காலம் விலகாமல் இருக்கும் ஒரு கை வேண்டும் என்பதற்கு எனக்கு இதுவே சான்று. தன் பழைய வேலையின் குறையை உணர அத்தனை காலம் உடனிருக்க வேண்டியிருக்கிறது.

திராவிடர் கடலுக்கும் காலாட்படைக்கும் உரியவர்கள். வெளியானபோது, ஆட்டத்தின் வளர்ச்சிக் கட்டங்களான யுகங்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு உயரும் ஒவ்வொரு முறையும் 200 மரம் கிடைத்தது. சுருள்வாள் வீசும் உருமி வீரனும், திரிசடை என்ற பெரிய போர்க்கப்பலும் இவர்களுக்கே உரியவை. குதிரைப்படை மெலிந்தது, திறந்த வெளியில் வேகமான எதிரியிடம் திணற வேண்டியிருக்கும். சோழரையும் ஹொய்சளரையும் விஜயநகரத்தையும் ஒரே பெயருக்குள் அடக்கியது எனக்கு இன்னும் மனக்குறைதான். இந்தியரைப் பிரித்தவர்கள் இதையும் ஒருநாள் பிரிப்பார்கள் என்று காத்திருக்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் ‘ஆர்ட் ஆஃப் வார்’ பயிற்சிகளை முடியுங்கள். பிறகு இந்திய விரிவாக்கத்தைத் தனியாக வாங்கி, இராஜேந்திர சோழனின் கதைத் தொடரை ஆடுங்கள். அதன்பின் தீவுகள் நிறைந்த வரைபடம் ஒன்றில் திராவிடரை எடுத்துக்கொண்டு, கப்பல் துறையைச் சீக்கிரம் கட்டுங்கள். துறை ஒவ்வொன்றும் கூடுதலாக ஐந்து பேருக்கு இடம் தரும், உங்கள் கூட்டாளிகளுக்கும் சேர்த்து.