மாட்ரிட் கார்போனேராஸ் மடத்து இனிப்புகள்

மாட்ரிட் நகரின் சான் மிகேல் சந்தைக்கு அருகே, கொண்டே தே மிராண்டா சதுக்கத்தில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட கோர்புஸ் கிறிஸ்தி கன்னியர் மடம் இருக்கிறது. கரிக்கிடங்கில் கண்டெடுக்கப்பட்ட மாதா ஓவியம் ஒன்று இங்கே வந்து சேர்ந்ததால் ஊரார் இதைக் ‘கார்போனேராஸ்’ என்றே அழைக்கிறார்கள். புனித ஜெரோமின் பெயரால் அமைந்த சபையைச் சேர்ந்த இக்கன்னியர் தங்கள் கையால் செய்யும் பலகாரங்களை மடத்திலேயே விற்கிறார்கள்.

கண்ணாடி அலமாரியோ காட்சிக்கு அடுக்கிய தட்டுகளோ இங்கே கிடையாது. வாசல் மணியை அழுத்தி, இனிப்பு வாங்க வந்திருப்பதாகச் சொன்னால் கதவு திறக்கும். உள்ளே நடைகூடத்தின் வழியாகச் சென்றால், சுவரில் பதித்த மரச் சுழல்பெட்டி ஒன்றும் அதன் அருகே விலைப்பட்டியலும் இருக்கும். வேண்டியதைச் சொல்லிப் பணத்தை வைத்தால், பெட்டி சுழன்று மறுபுறம் போய், பலகாரத்தோடும் மீதிச் சில்லறையோடும் திரும்பி வரும். விற்பவரின் குரல் கேட்கும், முகம் தெரியாது. ஸ்பெயினின் இத்தகைய மடங்களில் ‘ஆவே மரியா பூரிசிமா’ (தூய்மைமிகு மரியே வாழ்க) என்று வாழ்த்துவதும் ‘சின் பெக்காதோ கொன்செபிதா’ (பாவமின்றிக் கருவில் உதித்தவரே) என்று மறுமொழி வருவதும் பழைய வழக்கம். அந்த ஒரு வரியையாவது கற்றுக்கொண்டு செல்வது மரியாதை.

இது வாடிக்கையாளரைக் கவர்வதற்காக அமைத்த ஏற்பாடு அன்று. பெண் துறவியர் மடத்தின் அடைப்புக்குள்ளேயே வாழ வேண்டும் என்பதைக் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரிதெந்துப் பொதுச்சங்கம் 1563இல் கண்டிப்பாக வலியுறுத்தியது. வெளியே வராதவர்கள் வெளியுலகோடு கொடுக்கல் வாங்கல் செய்வதற்கான வழியே இச்சுழல்பெட்டி. திருச்சபைச் சொத்துகளை அரசு பறிமுதல் செய்து விற்க 1836இல் தொடங்கிய மென்டிசாபால் சட்டங்களால் ஸ்பெயின் மடங்கள் தம் நிலபுலன்களை இழந்த பிறகு, அடுப்படி உழைப்பே பல மடங்களுக்கு வருவாயானது. இன்று இளம்பெண்கள் சேர்வது குறைந்து பல மடங்கள் மூடப்பட்டுவிட்டன. நித்திய வார்த்தைப்பாடு (வாழ்நாள் முழுவதற்குமான துறவு உறுதிமொழி) அளித்தவர்கள் ஐந்து பேராகக் குறைந்தால், அம்மடம் தன் தலைவியைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையை இழக்கும் என்று 2018இல் வத்திக்கான் விதித்திருக்கிறது. மதிய வேளையில் விற்பனையை நிறுத்திவிடுகிறார்களே என்று குறைப்படுவது நியாயமன்று. இக்கன்னியரின் நாள், குறித்த வேளைகளில் சொல்லும் திருப்புகழ்மாலை செபத்தையும் பொது உணவையும் சுற்றி அமைந்தது. அதன் இடைவெளிகளில்தான் மாவு பிசைகிறார்கள், விற்கவும் செய்கிறார்கள்.

பாதாம் பிஸ்கட்டுகளே இங்கே சிறந்தவை என்பது என் கணிப்பு. வெளியே மொறுமொறுப்பும் உள்ளே ஈரமும் இருக்க, சர்க்கரை பாதாமின் சுவையை அமுக்கிவிடாமல் நிற்கிறது. ஆரஞ்சு மணக்கும் ‘நரன்ஹீனெஸ்’ காப்பியோடு நன்றாகச் சேர்கிறது. வாயில் வைத்ததும் பொடியாக உதிரும் ‘மன்தெக்காதோ’ எனக்குச் சற்றுக் கனமாகப் பட்டது. தவிர, இவ்வகைப் பலகாரம் வழக்கமாகப் பன்றிக்கொழுப்பில் செய்யப்படுவது என்பதைச் சைவ உணவினரும் இஸ்லாமியரும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். முட்டையும் பல வகைகளில் உண்டு.

பெட்டிக் கணக்கில்தான் விற்கிறார்கள் என்பதும், சுவைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வழியில்லை என்பதும் தனியாகப் பயணம் செய்பவருக்கு உண்மையான குறைகள். பெரிய நோட்டுகளைத் தவிர்த்துச் சில்லறையாகக் கொண்டுபோங்கள். முதன்முறை செல்பவர்கள் அரைக் கிலோ பாதாம் பிஸ்கட்டோடு தொடங்கலாம்.