சர்ரே தோட்டமா, ரீஜன்ட்ஸ் பூங்காவா?

1830-களின் லண்டனில் சிங்கம், புலி பார்க்க வடக்கே ரீஜன்ட்ஸ் பூங்காவில் ஒரு விலங்கியல் தோட்டம் இருந்தது, தேம்ஸுக்குத் தெற்கே வால்வொர்த்தில் சர்ரே விலங்கியல் தோட்டம் இருந்தது.

ரீஜன்ட்ஸ் பூங்காவில் இருந்த தோட்டத்தை 1828-ல் விலங்கியல் சங்கம் ஆராய்ச்சிக்காகத் திறந்தது. உறுப்பினர் யாராவது சீட்டு எழுதித் தந்தால்தான் வெளியாள் ஒரு ஷில்லிங் கட்டி உள்ளே போகலாம். எல்லோருக்கும் கதவு திறந்தது 1847-ல்தான்.

சர்ரேயில் காசு இருந்தால் போதும். 1831-ல் அதைத் தொடங்கிய எட்வர்ட் கிராஸ், அதற்கு முன் ஸ்ட்ராண்ட் தெருவில் ஒரு மாடிக்கட்டடத்தில் விலங்குகளை அடைத்துக் காட்டியவர். அங்கேதான் 1826-ல் சுனி என்ற யானையைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த மாடியோடு ஒப்பிட்டால் சர்ரே சொர்க்கம்: 300 அடி சுற்றளவில் கண்ணாடிக் கூடாரம், பெரிய ஏரி. 1837-ல் ஏரிக்கரையில் வெசுவியஸ் எரிமலையையே சித்திரமாக எழுப்பி, இருட்டியதும் வாணவேடிக்கையால் அதை வெடிக்க வைத்தார்கள். கூட்டம் கைதட்டியிருக்கும். கூண்டுக்குள் இருந்தவற்றுக்கு அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும்?

மாலைப்பொழுதுக்கு என்றால் நான் சர்ரேக்குத்தான் போயிருப்பேன். விலங்குகளுக்காக என்றால், சந்தேகமே இல்லை, ரீஜன்ட்ஸ் பூங்காதான். 1849-ல் ஊர்வனவற்றுக்குத் தனி இல்லம், 1850-ல் ஒபாய்ஷ் என்ற நீர்யானை, 1853-ல் மீன் காட்சியகம் என்று அது வளர்ந்துகொண்டே போனது. சர்ரேயில் வேடிக்கைதான் முதலாளி. 1850-களின் நடுவில் விலங்குகளை விற்றுவிட்டு இசை அரங்கம் கட்டினார்கள். 1861-ல் அதுவும் எரிந்துபோனது. இன்று அந்த இடத்தின் ஒரு பகுதியில் பாஸ்லி பூங்கா இருக்கிறது.