ஆண்டர்சன் தெருவின் காகிதக் கடைகள்: வாழ்த்து அட்டை செய்வோருக்கு எவ்வளவு பயன்?

சென்னையில் பாரிமுனையை ஒட்டி, உயர் நீதிமன்றத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஆண்டர்சன் தெருவை, திருமண அழைப்பிதழ் அச்சடிக்க அலைந்த குடும்பங்கள் நன்றாகவே அறியும். பொங்கல் வாழ்த்து அட்டையோ, கிறிஸ்துமஸ் நட்சத்திரமோ, கொலுப் படிக்குத் தோரணமோ வீட்டிலேயே செய்ய நினைப்பவர்கள் அங்கே போகலாமா, போனால் எதை வாங்கலாம், எதைத் தொடாமல் திரும்பலாம் என்பதே இந்த மதிப்புரையின் பொருள். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காகிதத்துக்கு இதற்கு இணையான தெரு எனக்குத் தெரிந்து சென்னையில் வேறில்லை; பசை, ரிப்பன், மணி போன்ற மற்றவற்றுக்கு இது சாதாரணமான இடந்தான். கையால் செய்யும் அட்டையின் தரத்தில் முக்கால்வாசியைக் காகிதமே தீர்மானிப்பதால், இந்தக் குறையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இணையவழிக் கடைகளில் பெட்டி பெட்டியாக விற்கப்படும் அட்டை செய்யும் தொகுப்புகளோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாக விளங்கும். நான் வாங்கிப் பார்த்த ஒரு தொகுப்பில் ஒட்டும் முத்துகள், நுரைத் துண்டுகள், பலவண்ண ரிப்பன்கள், ஜிகினாத் தூள் குப்பிகள் எனக் கண்ணைப் பறிக்கும் சரக்கெல்லாம் நிறைந்திருந்தது; அடிப்படையான அட்டை மட்டும் விரலால் தட்டினாலே துவளும் தாளாக இருந்தது. நாலு முத்தும் ஒரு ரிப்பன் முடிச்சும் ஒட்டியவுடன், நிமிர்த்தி வைத்த அட்டை முன்பக்கமாகக் கவிழ்ந்தது. போதாக்குறைக்கு, அதிலிருந்த அச்சு உருவங்கள் எல்லாம் பனிமனிதனும் ஊசியிலை மரமுமாக இருந்தன. கரும்பும் பானையும் மஞ்சள் கொத்தும் வேண்டிய இடத்தில் அவற்றை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்வது? அலங்காரத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு அட்டையை இலவச இணைப்பாகக் கொடுப்பது போன்ற அந்தத் தொகுப்புகளை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆண்டர்சன் தெருவில் வியாபாரம் நடக்கும் முறையே வேறு. ‘வாழ்த்து அட்டைக்குத் தாள் வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்டால், கடைக்காரர் எந்தத் தாள், எத்தனை ஜிஎஸ்எம் என்று திருப்பிக் கேட்பார். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடையிருக்கும் என்பதுதான் அந்தக் கணக்கு. வீட்டு அச்சுப்பொறியில் போடும் தாள் பெரும்பாலும் 70 முதல் 80 வரை இருக்கும். நிமிர்ந்து நிற்க வேண்டிய வாழ்த்து அட்டைக்கு 220 முதல் 250 வரை போதும். 300க்கு மேல் போனால் கையால் மடிப்பது சிரமம், மடிப்பும் வெடிக்கும். ஐவரி போர்டு என்று கேட்டால் வழவழப்பான வெள்ளை அட்டை கிடைக்கும். அச்சுக்கு அது அழகுதான் என்றாலும், நீர்வண்ணம் அதன்மேல் சரியாகப் பிடிப்பதில்லை. தூரிகையால் வரைய நினைப்பவர்கள் சற்றுச் சொரசொரப்பான தாளையோ, கையால் தயாரிக்கப்படும் கைத்தாளையோ கேட்பது நல்லது. துணியின் நெசவு, மரப்பட்டை, தோல் எனப் பலவகைப் புடைப்பு வரிகள் கொண்ட அட்டைகளும், உலோக மினுக்கம் உள்ள தாள்களும் மாதிரிப் புத்தகங்களாகவே இருக்கும். அழைப்பிதழ் தொழிலுக்காக வைக்கப்பட்ட அந்த மாதிரிப் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்க அனுமதிப்பதே இந்தத் தெருவின் மிகப் பெரிய சேவை என்பேன். திரையில் தெரியும் மஞ்சளை நம்பி வாங்கி, வீட்டுக்கு வந்தபின் எலுமிச்சை நிறமாகக் கண்டு ஏமாறும் வேலை இங்கே இல்லை.

இரண்டாவது சேவை வெட்டித் தருவது. நம் ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் சார்ட் அளவு 22க்கு 28 அங்குலம். இதை அகலத்தில் நான்காகவும் நீளத்தில் நான்காகவும் வெட்டினால், ஐந்தரைக்கு ஏழு அங்குலமுள்ள 16 துண்டுகள் துளியும் வீணாகாமல் கிடைக்கும். ஒவ்வொன்றையும் ஏழங்குலப் பக்கத்தில் பாதியாக மடித்தால், கைக்கு அடக்கமான ஒரு வாழ்த்து அட்டை தயார். வீட்டில் கத்தரிக்கோலால் 16 துண்டுகளையும் ஒரே அளவில் நறுக்குவது எவ்வளவு கைதேர்ந்தவருக்கும் கடினம். கடையின் வெட்டும் எந்திரமோ சில அழுத்தல்களிலேயே முடித்துவிடும். வெட்டுக்கூலி சிறு தொகைதான், ஆனால் சில கடைகள் குறைந்த எண்ணிக்கைக்கு வெட்டித் தர மறுக்கின்றன. ஆகவே தாளைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அதைக் கேட்டுவிடுவது நல்லது.

வெட்டக் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டிய ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கைவினை வகுப்புகளில்கூட இதைப் பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை. எந்திரத்தில் தயாராகும் தாளில், கூழ் ஓடும் திசையிலேயே பெரும்பாலான இழைகள் படிகின்றன. அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் மடிப்பு நேராகவும் மென்மையாகவும் விழும். குறுக்கே மடித்தால் மேற்பரப்பு வெடித்து, நிறத்தாளாக இருந்தால் உள்ளேயிருக்கும் வெண்மை பல்லிளிக்கும். தாளை மடிக்காமல் இரு திசையிலும் மெதுவாக வளைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அந்த வளைவின் முகடு ஓடும் திசையே இழையின் திசை. மேலே சொன்ன 16 துண்டுக் கணக்கில் மடிப்பு 22 அங்குலப் பக்கத்துக்கு இணையாக விழுகிறது; இழை 28 அங்குலத் திசையில் ஓடும் தாளாக இருந்தால் அந்தக் கணக்கை விட்டுவிட்டு, ஏழுக்குப் பதினொன்றாக 8 துண்டுகள் வெட்டி, பதினோரங்குலப் பக்கத்தைப் பாதியாக மடித்துப் பெரிய அட்டையாகச் செய்துகொள்ளலாம். கடைக்காரர்களில் அனுபவம் உள்ளவர்கள் தாளைத் தொட்டுப் பார்த்தே திசையைச் சொல்லிவிடுகிறார்கள். கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் தமக்கு வசதியான பக்கத்தில் வெட்டிவிடுவார்கள்.

மடிப்பதற்கென்று விற்கப்படும் எலும்புக் கருவியோ பிளாஸ்டிக் கருவியோ தேவையில்லை. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவும் ஓர் இரும்பு அளவுகோலும் போதும். மடிக்கும் இடத்தில் ஒருமுறை அழுத்திக் கோடிழுத்துவிட்டு, பிறகு மடித்தால் அச்சகத்தில் கிரீசிங் போட்ட அட்டைக்கு ஏறக்குறைய நிகராக வரும்.

கைத்தாள் என்று வரும்போது இந்தத் தெருவைவிடப் புதுச்சேரியையே நான் முன்வைப்பேன். அங்கே 1959 முதல் இயங்கிவரும் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் தொழிற்கூடத்தில், ஆடைத் தொழிலின் பருத்தித் துணிக் கழிவை அரைத்துக் கூழாக்கி, சல்லடை அச்சில் அள்ளி, அழுத்தி, உலர்த்தித் தாளாக்குகிறார்கள். இழைகள் எல்லாத் திசையிலும் கலந்து படிவதால், எந்திரத் தாளில் நாம் அஞ்சும் திசைத் தொல்லை இதில் மிகக் குறைவு. மரக்கூழில் இருக்கும் லிக்னின் பருத்தியில் இல்லாததால் செய்தித்தாளைப் போல விரைவில் பழுப்பதுமில்லை. பத்திரப்படுத்தி வைக்க வேண்டிய அட்டைக்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. பூவிதழ்கள் பதிந்த தாளும், நீரில் மிதக்கும் வண்ணங்களைத் தாளில் ஏற்றிய பளிங்குத் தாளும் தாமே அலங்காரம் என்பதால், அவற்றில் செய்யும் அட்டைக்கு ஒரு கோலத்தையோ ஒரு வரி வாழ்த்தையோ தவிர வேறெதுவும் வேண்டியதில்லை. விலை கூடுதல்தான், அதனால் முழு அட்டையையும் கைத்தாளில் செய்யாமல், ஐவரி அட்டையின் முகப்பில் சிறு துண்டாக ஒட்டுவதே சிக்கனம். ஓரத்தை வெட்டாமல் பிசிறோடு விட்டால்தான் கைத்தாளின் அழகு தெரியும். மை பேனாவால் எழுதுபவர்கள் மட்டும் ஒரு மூலையில் எழுதிப் பார்த்துக்கொள்ள வேண்டும். மேற்பூச்சு குறைவான கைத்தாளில் மை இழையோடு பரவும்.

பசையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதற்காகப் பாரிமுனை வரை போகத் தேவையில்லை. தச்சரும் பள்ளிப் பிள்ளைகளும் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில் நீர் அதிகம். மெல்லிய தாள் அந்த நீரை உறிஞ்சி உப்பி, காயும்போது சுருங்கிச் சுருக்கம் விழும். தாளோடு தாள் ஒட்டுவதற்குக் குச்சிப் பசை போதும், துணி, நூல், மணி ஒட்டுவதற்கு மட்டும் வெள்ளைப் பசை. இருபக்க ஒட்டுநாடா சுத்தமாக ஒட்டும் என்றாலும், சென்னையின் மே மாத வெயிலில் அதன் பிசின் ஓரத்தில் கசிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். சூட்டுப் பசைத் துப்பாக்கியைப் பற்றிய எச்சரிக்கை நட்சத்திரத்தைப் பற்றிப் பேசும்போது வரும்.

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குத் தேவையானவை 160 ஜிஎஸ்எம் அளவிலான நிறத்தாளும், பட்டத்துக்குப் பயன்படும் மெல்லிய தாளும், நூலும் மட்டுமே. மையத்திலிருந்து ஐந்து முனைகளுக்கும் ஐந்து உட்குழிவுகளுக்குமாகப் பத்து மடிப்புகள், ஒவ்வொன்றுக்கும் இடையே 36 பாகைக் கோணம். முனைக்குப் போகும் மடிப்பு மேடாகவும் குழிவுக்குப் போகும் மடிப்பு பள்ளமாகவும் விழுந்தால் தட்டையான தாள் தானே புடைத்துக்கொள்ளும். இப்படி இரண்டு செய்து ஓரங்களை ஒட்டி, முகத்தில் சிறு வடிவங்களை வெட்டி, பின்னால் பட்டத்தாளை ஒட்டினால் போதும். அட்டைக்கு வாங்கிய 250 ஜிஎஸ்எம் தாள் மிஞ்சியிருக்கிறதே என்று அதையே இதற்கும் எடுத்தால் பத்து மடிப்பும் மையத்தில் சேரும் இடத்தில் கிழியும். உள்ளே குண்டு பல்பு மாட்டவே கூடாது. அது இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறும், அந்தச் சூட்டில் சூட்டுப் பசை இளகி ஓரங்கள் பிரியும், தாள் கருகவும் கூடும். குறைந்த வாட் எல்இடி விளக்கு போதுமானது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்றில் தாள் நொய்ந்துபோகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்: மாடித் தாழ்வாரத்தில் தொங்கவிடுவதானால் நட்சத்திரத்துக்கு மெழுகுப் பூச்சுள்ள தாளோ, வண்ணத்தின்மேல் ஒரு பூச்சு வார்னிஷோ தேவை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் நட்சத்திரம் மழையைத் தாங்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் தாளின் வழியே கசியும் வெளிச்சத்தின் மென்மை அதில் வராது.

கொலு அலங்காரத்துக்கு, வரிவரியாக மேடும் பள்ளமுமாக இருக்கும் நெளிவு அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாக எல்லோரும் நாடிய தெர்மாகோல் அலங்காரம், 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. நெளிவு அட்டையை வரிகளுக்கு இணையாக வளைத்தால் தூணாகும், குறுக்கே அடுக்கினால் மண்டபக் கூரையாகும், சுருட்டினால் தேர்ச்சக்கரமாகும். தெர்மாகோலைச் சீவும்போது வீடெங்கும் பறக்கும் வெள்ளைத் துகள் தொல்லையும் இல்லை. கிரேப் தாளில் செய்யும் தோரணம் பார்க்க நேர்த்தி, ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே சாயம் இறங்கிப் படித்துணியைக் கெடுத்துவிடும்; குத்துவிளக்குக்கு அருகிலோ கார்த்திகை அகல்களுக்கு மேலோ அதைத் தொங்கவிடுவது ஆபத்தானது என்பதைச் சொல்லவே வேண்டாம். பக்கத்துத் தெருக்களில் கிடைக்கும் ஜிகினாத் தூளை நான் வாங்குவதே இல்லை. மிக நுண்ணிய பிளாஸ்டிக்கான அது விரலிலும் தரையிலும் மாதக்கணக்கில் ஒட்டிக்கிடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலேயே தளர்வாக விற்கப்படும் பிளாஸ்டிக் ஜிகினாத் தூளுக்குத் தடை விதித்துவிட்டது. மினுக்கம் வேண்டுமென்றால் உலோக மினுக்கத் தாளில் ஒரு சிறு சூரியனை வெட்டி ஒட்டினாலே பொங்கல் அட்டை பளிச்சிடும்.

உறை விஷயத்தில்தான் இந்தத் தெருவோடு எனக்கு மனத்தாங்கல். அழைப்பிதழுக்குரிய உறைகள் நூற்றுக்கணக்கில் கட்டப்பட்டிருக்கும். இருபது முப்பது கேட்பவரைப் பல கடைகள் பொருட்படுத்துவதே இல்லை. 16 துண்டு முறையில் செய்த சிறு அட்டைக்கு 114க்கு 162 மில்லிமீட்டர் அளவுள்ள சி6 உறை தாராளமாகப் பொருந்தும். 250 ஜிஎஸ்எம் தாளில் அந்த அட்டை ஆறு கிராமுக்குச் சற்று மேல் வரும், உறையோடு சேர்த்தும் சுமார் பத்து கிராம்தான். பெரிய அட்டைக்கு 162க்கு 229 மில்லிமீட்டர் சி5 உறை தேவைப்படும். அட்டையும் உறையும் சேர்ந்து 20 கிராமை ஏறக்குறைய எட்டிவிடும். அஞ்சல் கட்டணம் 20 கிராம் படிகளில் ஏறுவதால், அதன்மேல் ஒரு முத்தோ நுரைத் துண்டோ ஒட்டினால் கூடுதல் தபால்தலை ஒட்ட நேரிடும். முத்திரை குத்தும்போது அந்த முத்து உடைந்து அட்டையில் பள்ளமும் விழும். தபாலில் போகும் அட்டைக்குத் தட்டையான அலங்காரம், கையில் கொடுப்பதற்குப் புடைப்பான அலங்காரம் என்று பிரித்துக்கொள்வது உத்தமம்.

போகும் நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். முகூர்த்த மாதங்களுக்கு முந்தைய வாரங்களில் அழைப்பிதழ் வாடிக்கையாளர் கூட்டம் அலைமோதும், சில்லறைத் தாளுக்கு யாரும் மாதிரிப் புத்தகத்தை எடுத்துத் தர மாட்டார்கள். வார நாள் முற்பகலே சரியான நேரம். தெரு குறுகல், சுமைவண்டிகளின் போக்குவரத்தோ ஓயாது. சொந்த வாகனத்தில் வந்து நிறுத்த இடம் தேடுவதைவிட உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடப்பது மேல். 22க்கு 28 தாளைச் சுருட்டிக் கட்டித் தந்தால் மறுத்துவிட்டு, அங்கேயே துண்டுகளாக வெட்டி, இரு தடித்த அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள். சுருட்டிய கனத்த அட்டையை மறுபடி நிமிர்த்த எடை வைத்து அழுத்திக் காத்திருக்க நேரும். பத்து அட்டைக்கும் குறைவாகச் செய்பவர்களுக்கு இத்தனை அலைச்சல் தகாது. அவர்கள் தம் ஊர் எழுதுபொருள் கடையில் ஒரு கனத்த சார்ட் வாங்கி, இழையின் திசையை வளைத்துப் பார்த்துவிட்டு மடித்துக்கொள்ளலாம். பள்ளிக்காகவோ, குடியிருப்புச் சங்கத்துக்காகவோ, விற்பனைக்காகவோ ஐம்பது அட்டைக்கு மேல் செய்பவர்கள் டிசம்பர் முதல் வாரத்திலேயே ஆண்டர்சன் தெருவுக்குப் போய்விட்டால், பொங்கலுக்கு முன் எழுதி, உலர்த்தி, அஞ்சலில் சேர்க்கப் போதிய அவகாசம் இருக்கும்.