தோபாவா, கென்யிரா: ஐந்து பேருக்கு ஓர் ஏரிக் கணக்கு

சிங்கப்பூரிலிருந்து ஏரிக்கரை விடுமுறைக்குக் கிளம்பும் குடும்பம் முதலில் தலைகளை எண்ண வேண்டும். சுமத்ராவின் தோபா ஏரிக்குச் செலவு ஆளுக்கு இவ்வளவு என்று பெருகும். ஐந்து பேர் என்றால் ஐந்து விமான டிக்கெட். மலேசியாவின் கென்யிர் ஏரிக்கோ வண்டிக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு என்று வரும். ஆள் கூடக்கூடத் தலைக்கு விழும் பங்கு குறையும். இது புரியாமல், காரில் போனால் மலிவு என்று நம்பி, நாங்கள் முதலில் கென்யிருக்குத்தான் போனோம்: நான், கணவர், இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு அத்தை.

கென்யிர், திரங்கானு மாநிலத்தில் 1985-இல் அணை கட்டி முடித்தபோது உருவான செயற்கை ஏரி. பரப்பு சுமார் 260 சதுர கிலோமீட்டர். 300-க்கும் மேற்பட்ட தீவுகள் இருக்கின்றன; எல்லாம் ஒருகாலத்தில் மலையுச்சிகள். விடியற்காலையில் பனிமூட்டத்துக்கு நடுவே, மூழ்கிப்போன காட்டின் பட்ட மரங்கள் தண்ணீருக்கு மேல் தலை நீட்டி நின்றன. ஒரு கிளையில் மீன்கொத்தி. பெரியவன் அரைமணி நேரம் வாயே திறக்கவில்லை.

ஆனால் அங்கே கால்நடையாகப் போய்ப் பார்க்க அதிகம் இல்லை. லாசிர் அருவிக்குப் படகு, கெலா மீன்கள் காலை உரசி நீந்தும் சரணாலயத்துக்கும் படகு. ஐந்து பேருக்காக முழுப் படகையும் பேசினோம். அருவியில் காத்திருந்த நேரத்துக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று படகோட்டி திரும்பும்போது சொன்னார். காத்திருப்பையும் சேர்த்து முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். படகுத்துறையில் பலகை ஆடியதில் அத்தை கால் வைக்கவே அஞ்சினார். இரண்டு பேர் தோள் கொடுத்து ஏற்றினோம்.

சாலைச் செலவிலும் கண் வேண்டும். உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடி நெரிசலைச் சேர்க்காமலே ஏழெட்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். சிங்கப்பூர் கார் எல்லை தாண்டும்போது டாங்கியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். மலேசியாவில் மானிய விலை ரான் 95 பெட்ரோல் நமக்குக் கிடையாது, ரான் 97-தான். வாகன நுழைவு அனுமதி இல்லாத காருக்கு 2025 ஜூலையிலிருந்து 300 ரிங்கிட் அபராதம்.

அடுத்துப் போன தோபாவில் இந்தக் கணக்கு தலைகீழ். சுமத்ராவின் மேடான் நகருக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து ஏரிக்கரை ஊரான பராபாட்டுக்குக் காரில் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு வந்திறங்கியதும் விசாவுக்கு ஆளுக்கு 5,00,000 ரூபியா, ஏறத்தாழ 40 சிங்கப்பூர் வெள்ளி; சிங்கப்பூரர்களுக்கு விசா தேவையில்லை. இந்தச் செலவோடு பெரிய தொகைகள் முடிந்தன. சமோசிர் தீவின் துக்துக்கில் ஏரியைத் தொட்டுக்கொண்டு சிறிய விடுதிகள் வரிசையாக இருக்கின்றன. அறை வாசலில் நான்கு படி இறங்கினால் தண்ணீர். பிள்ளைகள் நாள் முழுக்க நீந்தினார்கள். அதற்கு ஒரு காசு செலவில்லை. ஏரி கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மாலையில் குளிரும். ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள்.

சமோசிர் நம் சிங்கப்பூரைவிடக் கொஞ்சம்தான் சிறியது. ஏரிக்கு நடுவே அத்தனை பெரிய தீவு! ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த மாபெரும் எரிமலையின் பள்ளம்தான் ஏரி. ஆழம் 500 மீட்டரைத் தொடுகிறது. திரும்பும்போது காரோ மக்களின் மலைநாடு வழியாக வந்தோம். அங்கே செம்பிரிங் குலத்தில் சோலியா, பாண்டியா என்ற உட்பிரிவுகள் உண்டு. பழைய தமிழ் வணிகத் தொடர்பின் எச்சம் என்று ஆய்வாளர்கள் இவற்றைப் பார்க்கிறார்கள். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. இதைச் சொன்னதும் சின்னவள் வழியில் கண்ட ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டாள்.

சாப்பாட்டில் கவனம் தேவை. ஏரியைச் சுற்றி வாழும் பாத்தாக் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். சமோசிரில் பன்றி இறைச்சி சாதாரணம். ஹலால் உணவு வேண்டுமென்றால் பராபாட்டில் எளிதாகக் கிடைக்கும். சைவமான அத்தை தெம்பே என்ற சோயாக் கட்டியும் காடோ காடோ என்ற காய்கறிக் கலவையும் வைத்தே சமாளித்தார். மேடானில் 1884-இல் கட்டப்பட்ட மாரியம்மன் கோயிலுக்குப் போனபோதுதான் அவர் முகம் முழுதாக மலர்ந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. 2018 ஜூனில் தோபாவில் அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு மூழ்கி, 160-க்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள். கூட்டம் நெரிந்தால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கி மாட்டுங்கள்.

கொடைக்கானல் ஏரியையும் யோசித்தோம். திருச்சிவரை நேரடி விமானம் இருக்கிறது. ஆனால் ஊருக்குப் போனால் சொந்தக்காரர் வீடுகளுக்கும் அன்பளிப்புகளுக்கும் போவதில்தான் நாளும் பணமும் கரையும். அது வேறு வகைப் பயணம்.

ஒற்றைக் குடும்பத்துக்கு, அதுவும் வயதானவர் இருந்தால், தோபாதான் என் தேர்வு. ஆண்டிறுதி விடுமுறைக்குக் கென்யிரை நினைக்கவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை அந்தக் கரையைப் போட்டு அடிக்கும் காலம் அது. ஆனால் மூன்று குடும்பம் சேர்ந்தால் கென்யிரை மிஞ்ச முடியாது. அங்கே படகுவீட்டை மொத்தமாக வாடகைக்கு விடுகிறார்கள்; படுக்கை, சமையல், அருவி எல்லாம் அதிலேயே அடங்கிவிடும்.

செப்டம்பர் விடுமுறைக்கு நாத்தனார் வீடுகளையும் சேர்த்துப் பதினாறு பேருக்குப் படகுவீடு பேசியிருக்கிறோம். அத்தையும் வருகிறார். ஏறும் இடத்தில் ஆடாத பலகை போடுவார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்த பிறகுதான் முன்பணம்.