வேலையோடு பட்டம்: ஞாயிறு இரவு 11:59

கூட வேலை பார்க்கும் ஒருவர், நான் படித்த கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் தானும் சேரலாமா என்று போன வாரம் கேட்டார். யோசிக்காமல் ‘வேண்டாம்’ என்றேன். பெயரை விட்டுவிடுகிறேன். இங்கே அமெரிக்காவின் இன்டியானா மாநிலத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு வகுப்பு நடத்தும் சிறிய கிறிஸ்தவக் கல்லூரிகள் பல உண்டு, அதில் ஒன்று.

பட்டம் செல்லுமா என்ற கவலை இல்லை. கல்லூரிகளைச் சோதித்து அங்கீகரிக்கும் ஹையர் லேர்னிங் கமிஷனின் அங்கீகாரம் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே பாடம், ஐந்து வாரத்தில் முடியும், அப்புறம் அடுத்தது. முழுநேர வேலைக்கு இது ஒத்துவருகிறது.

ஒத்துவராதது டிஸ்கஷன் போர்டு, அதாவது வகுப்பில் உள்ளவர்கள் ஆன்லைனில் எழுதி விவாதிக்கும் பக்கம். புதன் நள்ளிரவுக்குள் நாமாக ஒரு பதிவு போட வேண்டும். ஞாயிறு இரவு 11:59க்குள் இரண்டு பேருக்குப் பதில், கூடவே அந்த வாரக் கட்டுரை. எல்லோரும் ஞாயிறு பத்து மணிக்கு மேல்தான் வருவார்கள். ‘அருமையான கருத்து’ என்று ஆரம்பித்து, மற்றவர் சொன்னதையே திருப்பிச் சொல்லி, ஏபிஏ என்ற ஆய்வுக்கட்டுரை முறையில் ஒரு மேற்கோளையும் ஒட்டினால் மதிப்பெண் வந்துவிடும். இதற்குப் பெயர் கலந்துரையாடலாம்!

பழைய ஏற்பாட்டுப் பாடம் எல்லோருக்கும் கட்டாயம், கணக்கியல் படித்த எனக்கும்தான். பத்துக் கட்டளைகள் உள்ள யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் வந்த வாரம், ஓய்வுநாளில் வேலை செய்யக் கூடாது என்ற கட்டளையைப் பற்றி ஞாயிறு இரவு உட்கார்ந்து கட்டுரை எழுதினேன். கிறிஸ்தவ நிறுவனத்துக்கு வேறு கிழமையே கிடைக்கவில்லையா? அட்வைசரிடம் கேட்டால், வேலை பார்ப்பவர்களுக்கு வார இறுதியில்தான் நேரம் இருக்கும் என்கிறார். என் வகுப்பில் பாதிப் பேர் நர்ஸுகள். சனி, ஞாயிறு என்றால் அவர்களுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்.

ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். பகலில் அலுவலக வேலை, மாலையில் பாடம். ஆடிட் பாடம் எடுத்தவர் ஆடிட்டராகவே இருந்தவர், புத்தகத்தில் இல்லாத தில்லுமுல்லுகளை எல்லாம் சொன்னார். ஒவ்வொரு பாடத்திலும் ஜெப விண்ணப்பத்துக்குத் தனியாக ஒரு பக்கம் இருக்கும். நான் கிறிஸ்தவன் இல்லை, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மதுரையில் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது தயங்கித் தயங்கி இரண்டு வரி எழுதினேன். மறுநாளே ஆசிரியர் போனில் விசாரித்தார். நான் கேட்காமலே கெடுவையும் ஒரு வாரம் தள்ளி வைத்தார். முகம் பார்க்காத வகுப்புத் தோழர்கள் அதற்குப் பிறகும் பல வாரம் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பதில்களுக்கு மதிப்பெண் கிடையாது, யாரும் கெடுவும் வைக்கவில்லை.

ஆனாலும் நண்பருக்கு என் பதில் ‘வேண்டாம்’தான். அவருக்கு வார இறுதி ஷிப்ட், தாங்காது. ‘அப்போ எம்பிஏவுக்கு நீங்க எங்கே?’ என்றார். அங்கேதான், ஆகஸ்டில் சேர்கிறேன். படிப்புக்குக் கம்பெனி தரும் பணத்தில் ஒரு காலண்டர் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரி கிடையாது. ஆகஸ்டில் சேர்ந்தால் ஒரே படிப்பாண்டின் கட்டணம் இரண்டு காலண்டர் ஆண்டுகளில் விழும், இரண்டு ஆண்டின் வரம்பும் பயன்படும். உங்கள் கம்பெனி எப்போது பணம் தருகிறது என்று எச்ஆரிடம் கேட்டுவிட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள்.